வெள்ளியில் எழுதிய நகரங்கள்

பண்டைய கிரேக்கம் ஒரு குடைக்கீழ் அமைந்த நாடன்று. தன்னுரிமை பேணிய நகர அரசுகள் பலவற்றின் தொகுதி. கி.மு. 6ஆம் நூற்றாண்டு முதல் அந்நகரங்களுள் பல தமக்கெனத் தனி வெள்ளிக் காசுகளை அடித்தன. விரல்நுனி அளவே ஆன அவ்வெள்ளித் துண்டில் ஒரு நகரம் தன்னை எவ்வாறு சொல்லிக்கொண்டது என்பது, சொற்சுருக்கம் போற்றும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

சில நகரங்கள் சிலேடையை நாடின. சிசிலித் தீவின் செலினூஸ் நகரம், 'செலினான்' எனப்பெறும் செடியின் இலையைப் பொறித்தது. ரோட்ஸ் தீவு, 'ரோடான்' என்னும் ரோசா மலரைப் பொறித்தது. எழுத்தறியாதவரும் படத்தைக் கண்டு ஊர்ப்பெயரை உரைத்துவிடலாம். இத்தாலியின் தென்கரையிலிருந்த மெட்டபோன்டம் தன் வயல்வளத்தின் அடையாளமாக ஒற்றைப் பார்லிக் கதிரைத் தேர்ந்தது.

ஈஜினாத் தீவின் சின்னம் கடலாமை. கடல் வாணிகத்தில் ஓங்கியிருந்த அத்தீவு கி.மு. 457 அளவில் ஏதென்சுக்குப் பணிந்து, தன் கப்பல்களை இழந்தது. பின்னர் அதன் காசில் துடுப்புக் கால்கொண்ட கடலாமை மறைந்து, நிலத்தாமை இடம்பெற்றது. கடலாட்சி போனதன் குறிப்பே இம்மாற்றம் என ஆய்வாளர் சிலர் கருதுவர்.

வென்ற ஏதென்சின் காசோ புகழ்பெற்றது. ஒருபுறம் தலைக்கவசம் அணிந்த அதீனாத் தெய்வம். மறுபுறம் அவளுக்குரிய ஆந்தை, ஒலிவக் கிளை, இளம்பிறை, நகர்ப்பெயரின் முதல் மூன்று எழுத்துகள். நான்கு திராக்மா மதிப்புடைய அக்காசின் எடை ஏறத்தாழ 17 கிராம். அதற்கான வெள்ளி லாரியன் சுரங்கங்களில் கிடைத்தது. கி.மு. 483 அளவில் அங்கு வெள்ளி மிகுதியாகக் கிட்டியபோது, அதனைக் குடிமக்களுக்குப் பகிர்ந்தளிக்காமல் போர்க்கப்பல்கள் கட்டச் செய்தார் தெமிஸ்டொக்கிளிஸ். அக்கப்பல்களே கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்று கிரேக்கரின் விடுதலையைக் காத்தன.

ஆயின், அதே ஏதென்சு அந்த நூற்றாண்டிலேயே தன் துணைநகரங்கள் அனைத்தும் ஏதென்சின் காசையும் எடையையும் அளவையுமே வழங்க வேண்டும் என ஆணையிட்டது. அவ்வாணையின் கல்வெட்டுத் துண்டுகள் பல ஊர்களில் கிடைத்துள்ளன. விடுதலை காத்த ஆந்தை பிறர்தம் இலையையும் மலரையும் விழுங்க முற்பட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது. அவ்வெள்ளியை இருண்ட சுரங்கங்களில் அகழ்ந்தோர் பெரும்பாலும் அடிமைகள். அவர்களுக்கென ஒரு கோடும் அக்காசில் இல்லை.

கி.மு. 409இல் கார்த்தேசியர் செலினூஸை அழித்தனர். கோயில்கள் இன்று இடிபாடுகளாய்க் கிடக்கின்றன. இலை மட்டும் வெள்ளியில் வாடாதிருக்கிறது. ஏதென்சின் ஆந்தையோ 2002 முதல் கிரேக்கத்தின் ஒரு யூரோ நாணயத்தில் மீண்டும் அமர்ந்துள்ளது. சின்னங்கள் நகரங்களைக் கடந்து வாழ்கின்றன. அவற்றைப் போற்றும் நாம், அவை சொல்லும் பெருமையோடு சொல்லாது விட்ட மனிதரையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். கவிதைக்கும் இது பொருந்தும்.