முறை வைத்து இருட்டு: சுழற்சி மின்வெட்டு பிறந்த கதை

மின்சாரத்தை வெட்ட ஒரு சுவிட்ச் போதும். முறை வைத்து வெட்டுவதற்கோ ஒரு பட்டியல் வேண்டும். எந்தப் பகுதிக்கு எப்போது, எவ்வளவு நேரம், எந்த இணைப்பைத் தொடவே கூடாது என்று நெருக்கடி வருவதற்கு முன்பே உட்கார்ந்து எழுதிய பட்டியல். மின்தொகுப்பு பிறந்ததிலிருந்து அந்தப் பட்டியல் முழு வடிவம் பெற ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. ஒவ்வொரு வரிக்கும் யாரோ ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள்.

வெட்டியே தீர வேண்டிய நிலை ஏன் வருகிறது? மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது கடினம். நொடிக்கு நொடி உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் அளவுதான் அதிர்வெண். இந்தியாவிலும் பிரிட்டனிலும் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அனல் மின்நிலையத்தின் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். தேவை கூடி, உற்பத்தி ஈடுகொடுக்கவில்லை என்றால் டர்பைனின் வேகம் குறையும். தொகுப்பில் இணைந்திருக்கும் எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் தளரும். 47.5 ஹெர்ட்ஸை ஒட்டி இறங்கினால் டர்பைனின் நீண்ட இதழ்கள் ஆபத்தாக அதிரத் தொடங்கும். கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்புகளும் சோரும். மின்நிலையம் தன்னைக் காத்துக்கொள்ள டிரிப் ஆகிவிடும். அது விட்டுப்போன சுமை மற்றவற்றின் தலையில் விழும், அவையும் ஒவ்வொன்றாக டிரிப் ஆகும். இப்படிச் சில நிமிடங்களில் ஒரு நாடே இருளலாம். திரும்ப எழுப்ப மணிக்கணக்கு, சில நேரம் நாள்கணக்கு ஆகும். அதனால்தான் முழுவதும் விழுவதற்கு முன் ஒரு பகுதியை வெட்டுகிறார்கள்.

தொகுப்பு இல்லாத காலத்தில் இந்தச் சிக்கலும் இல்லை. ஊருக்கு ஒரு மின்நிலையம் இருந்தது. அது படுத்தால் அந்த ஊர் மட்டும் இருண்டது. பிரிட்டன் 1926-இல் சட்டம் இயற்றி, நாடெங்கும் உள்ள மின்நிலையங்களை 132 கிலோவோல்ட் கம்பிகளால் இணைக்கத் தொடங்கியது. 1930-களின் நடுவில் அந்த வலைப்பின்னல் கைகூடியது. ஓரிடத்துக் குறையை இன்னோரிடத்து உபரி தீர்த்தது. கூடவே, எங்கோ நேரும் பற்றாக்குறை எல்லோருடைய பற்றாக்குறையாகவும் ஆனது.

அந்தக் கணக்கு 1947-இன் கடுங்குளிரில் முதன்முறையாகப் பெரிய அளவில் தீர்க்கப்பட்டது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. நிலக்கரி இருப்பு ஏற்கெனவே குறைவு. பனியில் ரயில் பாதைகள் மூடி, வெட்டிய கரியும் மின்நிலையங்களை எட்டவில்லை. பிப்ரவரி 7 அன்று எரிபொருள் அமைச்சர் இமானுவல் ஷின்வெல் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். தென்கிழக்கு, மத்திய, வடமேற்குப் பகுதிகளின் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் கிடையாது. வீடுகளில் காலை 9 முதல் 12 வரையும், பிற்பகல் 2 முதல் 4 வரையும் மின்சாரம் பயன்படுத்தக் கூடாது. மருத்துவமனையும் வீடுகளும் ஒரே கம்பியில் தொங்கிய நகரங்களில் வீட்டை மட்டும் பிரித்து வெட்ட வழியில்லை. எனவே பயன்படுத்துவதையே சட்டப்படி தடை செய்தார்கள். பூட்டைப் போடாமல், கதவைத் திறக்காதே என்று மக்களை நம்பிச் சொன்ன ஏற்பாடு இது. பெரும்பாலோர் அதை மதித்தார்கள். ஆனால் வேலையிழந்தோர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தடை என்பது முரட்டு வழி என்பதை நாடு புரிந்துகொண்டது.

அடுத்த பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1965 நவம்பர் 9, மாலை 5.16. நயாகரா பகுதியில், கனடாவின் சர் ஆடம் பெக் நீர்மின் நிலையத்திலிருந்து டொரண்டோவுக்குப் போகும் ஒரு மின்பாதையை அதன் பாதுகாப்பு ரிலே துண்டித்தது. கம்பி தாங்கக்கூடியதைவிடக் குறைந்த அளவுக்கு அந்த ரிலே செட் செய்யப்பட்டிருந்தது. அந்தச் சுமை பக்கத்துக் கம்பிகளில் பாய, அவையும் நொடிகளில் துண்டித்துக்கொண்டன. போக்கிடம் இழந்த மின்சாரம் நியூயார்க் மாநிலத்துக்குள் திரும்பிப் பாய்ந்தது. கால் மணி நேரத்துக்குள் நியூயார்க் நகரம் உட்பட வடகிழக்கில் சுமார் 3 கோடிப் பேர் இருளில் இருந்தார்கள். சில இடங்களில் மின்சாரம் திரும்ப 13 மணி நேரம் ஆனது.

இதன் பிறகுதான், அதிர்வெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் யாரையும் கேட்காமல் சில ஃபீடர்களை, அதாவது ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பிகளை, தானாகத் துண்டிக்கும் ரிலேக்கள் பரவலாகப் பொருத்தப்பட்டன. இன்று நம் ஊர் துணைமின் நிலையங்களிலும் அவை இருக்கின்றன. அவை கடைசி அரண் மட்டுமே. அந்த அளவுக்குப் போகவிடாமல் முன்கூட்டியே வெட்டுவது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் வேலை. அது எவ்வளவு கடினம் என்பதை அதே நியூயார்க் 1977 ஜூலை 13 இரவில் காட்டியது. எட்டரை மணிக்கு மேல் இடி விழுந்து நகருக்குள் வரும் கம்பிகள் ஒவ்வொன்றாகப் போயின. சுமையைக் குறைக்கும்படி மாநில ஒருங்கிணைப்பு மையம் நகரின் கட்டுப்பாட்டு அறையை மீண்டும் மீண்டும் வற்புறுத்தியது. பொறுப்பில் இருந்தவர் மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். வாடிக்கையாளர்களைத் துண்டிக்க அவருக்கு மனம் வரவில்லை. துணிந்தபோது நேரம் கடந்திருந்தது. 9.36-க்கு நகரம் முழுவதும் அணைந்தது. மறுநாள் இரவு வரை இருள் நீடித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. சில லட்சம் பேரின் ஒரு மணி நேரத்தைக் கேட்கத் தயங்கியதில் எல்லோருடைய ஒரு நாளும் போனது. அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரை வெட்டுவது என்ற முடிவை ஒரு தனி மனிதர் அந்த நிமிடத்தில் எடுக்கும்படி விட்டதுதான் பிழை. அது முன்பே, பலர் கூடி எடுத்திருக்க வேண்டிய முடிவு.

பிரிட்டன் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டியிருந்தது. 1972 ஜனவரி 9 அன்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மின்நிலையங்களுக்குக் கரி போகாமல் மறியல் செய்தார்கள். ஒரு மாதத்தில் இருப்பு கரைந்தது. பிப்ரவரி 9 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. உடனே ஏற்கெனவே தயாராக இருந்த சுழற்சித் திட்டம் அமலுக்கு வந்தது. நாடு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்பட்டது. வெட்டு நிச்சயம் என்னும் அளவுக்கு ஆபத்து மிகுந்த நேரம் எது, வந்தாலும் வரலாம் என்ற நேரம் எது என்று நாளிதழ்கள் அட்டவணை வெளியிட்டன. மக்கள் காலையில் தலைப்புச் செய்திக்கு முன் தங்கள் பகுதியின் எண்ணைத் தேடினார்கள். அதைப் பார்த்துச் சமைத்தார்கள், குழந்தையைக் குளிப்பாட்டினார்கள், கடையைத் திறந்தார்கள். சில வீடுகளில் ஒரு நாளில் 9 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. ஆனால் தொகுப்பு விழவில்லை.

ஏரியில் தண்ணீர் குறைந்த ஆண்டில் தண்ணீரைப் பங்கிடும் நம் ஊர் நீர்க்கட்டி செய்ததும் இதுவே. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை மடை திறந்திருக்கும் என்பது ஊருக்கே தெரியும். தன் முறை நிச்சயம் வரும் என்று தெரிந்தவர் அடுத்தவர் மடையில் கை வைப்பதில்லை. பற்றாக்குறையைத் தாங்க வைப்பது இந்த நம்பிக்கைதான்.

பற்றாக்குறைக்குப் படிக்கட்டு அமைத்தது தென்னாப்பிரிக்கா. 2007-க்குள் உபரி தீர்ந்துவிடும் என்று அந்நாட்டு அரசின் 1998 வெள்ளை அறிக்கையே எச்சரித்திருந்தது. புதிய மின்நிலையங்களுக்கான முடிவு தள்ளிப்போனது. 2007 இறுதியில் வெட்டு தொடங்கியபோது, அரசு மின் நிறுவனமான எஸ்காம் சொன்னது சரி, அரசுதான் தவறிவிட்டது என்று அதிபர் தாபோ எம்பெக்கி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2008 ஜனவரியில் தங்கச் சுரங்கங்களே நின்றன. அங்கே பிறந்த முறையில் முதல் நிலை என்றால் 1,000 மெகாவாட் குறைப்பு, இரண்டாம் நிலை என்றால் 2,000. பிறகு எட்டு நிலை வரை ஏணி நீண்டது. இன்று எந்த நிலை என்று ஓர் எண் தெரிந்தால் போதும், தன் தெருவின் நேரத்தை எவரும் கணக்கிட்டுவிடலாம். மக்கள் அன்றாட வேலைகளை அதைப் பார்த்தே திட்டமிட்டார்கள். ஆனால் நல்ல அட்டவணை இருந்ததாலேயே பற்றாக்குறை தீர்ந்துவிடவில்லை. 2023-இல் 300 நாட்களுக்கு மேல் மின்வெட்டு இருந்தது.

சுழற்சி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் சாட்சி. 2021 பிப்ரவரி 15 அதிகாலை, கடும் பனிப்புயலில் எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் உறைந்தன. அதிர்வெண் 59.302 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. 59.4-க்குக் கீழே 4 நிமிடம் 23 நொடிகள் நின்றது. 9 நிமிடம் நின்றிருந்தால் மின்நிலையங்கள் தாமாகவே கழன்று மாநிலமே இருண்டிருக்கும். எர்காட் என்னும் தொகுப்பு நிர்வாகம் அடுத்தடுத்து வெட்டு உத்தரவு போட்டு அதைத் தடுத்தது. அது வரை சரி. ஆனால் வெட்ட வேண்டியது 20,000 மெகாவாட் வரை போனது. மருத்துவமனை உள்ள ஃபீடர்களைத் தொட முடியாது. தானியங்கி ரிலேவுக்கு ஒதுக்கியவற்றையும் தொட முடியாது. மிச்சமிருந்தவை எல்லாம் ஏற்கெனவே அணைந்திருந்ததால் மாற்றிக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. வெட்டப்பட்டவர்கள் நாட்கணக்கில் இருளிலும் குளிரிலும் கிடந்தார்கள். ஆளில்லா அலுவலகக் கட்டடங்களில் விளக்குகள் எரிந்ததை அவர்கள் பார்த்தார்கள். இன்னொரு கொடுமையும் நடந்தது. எரிவாயு அனுப்பும் கம்ப்ரசர்கள் சில, தொடக்கூடாத பட்டியலில் இல்லை. அவற்றின் மின்சாரமும் வெட்டப்பட, வாயு குறைந்து மின் உற்பத்தி மேலும் சரிந்தது. அந்தப் புயலில் 246 பேர் இறந்ததாக மாநில சுகாதாரத் துறை கணக்கிட்டது. ஒரு பட்டியலில் விடுபட்ட வரி உயிரோடு விளையாடும்.

இந்தியாவில் 2012 ஜூலை 30, 31 நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் தொகுப்புகள் விழுந்தன. இரண்டாம் நாளில் பாதிக்கப்பட்டவர்கள் 60 கோடிக்கும் மேல். சில மாநிலங்கள் ஒதுக்கியதைவிட அதிகம் இழுத்ததையும், குறைக்கச் சொன்ன மண்டல மையத்தின் உத்தரவுகளுக்குப் போதிய பலன் இல்லாததையும் விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. அப்போது தென்னகத் தொகுப்பு உயர் அழுத்த நேர்மின் பாதைகள் வழியாக மட்டுமே மற்றத் தொகுப்புகளோடு இணைந்திருந்ததால் தப்பித்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக நாம் ஒரே தொகுப்பானோம். இனி நம் முறையும் நாட்டின் முறையும் ஒன்று.

தமிழ்நாடு தன் முறையை 2008 முதல் சில ஆண்டுகள் கற்றுக்கொண்டது. 2012-இல் சென்னைக்கு அறிவித்த வெட்டு 2 மணி நேரம். மற்ற மாவட்டங்களில் அது 10 மணி நேரத்தையும் தாண்டியது. கோவையின் ஒரு ஃபவுண்டரியை நினைத்துப் பாருங்கள். இண்டக்‌ஷன் ஃபர்னஸில் இரும்பு பாதி உருகியிருக்கும்போது சொல்லாமல் கரண்ட் போனால், உலோகம் உள்ளேயே இறுகும். உலையின் உட்பூச்சும் பாழாகும். பத்து மணிக்கு வெட்டு என்று முன்பே தெரிந்தால், ஒன்பது மணிக்குப் புதிதாக இரும்பு உருக்காமல் அச்சு வேலையை முடித்துக்கொள்வார்கள். இரண்டிலும் வெட்டு அதே ஒரு மணி நேரம்தான். சொல்லிவிட்டு வெட்டினால் ஒரு மணி நேர உற்பத்தி போகும். சொல்லாமல் வெட்டினால் ஒரு வாரத்துச் சம்பளமே போகும். மும்முனை மின்சாரத்தைப் பகலும் இரவுமாக முறை வைத்துப் பெற்ற நம் விவசாயிக்கும் இது தெரியும். நள்ளிரவில் மோட்டார் போட வரப்பில் நடக்கும் சிரமத்தை அவர் ஏற்றுக்கொண்டார், குறித்த நேரத்தில் கரண்ட் வந்த வரைக்கும்.

சுழற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. இலங்கையில் 2022-இல் நாடு ஆங்கில எழுத்துகள் பெயரிட்ட குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, நாள்தோறும் நேரம் அறிவிக்கப்பட்டது. எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் மார்ச் 31-இல் வெட்டு 13 மணி நேரத்தை எட்டியது. அன்றிரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டைச் சுற்றி மக்கள் திரண்டார்கள். முடிவு தெரியாத காத்திருப்பை எந்த அட்டவணையும் நியாயமாக்காது.

இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே 30 அன்று 250 ஜிகாவாட்டைத் தொட்டது. கோடைகள் இன்னும் சூடாகும், சூரியன் சாய்ந்த பிறகான மாலை நேரம் இன்னும் நெருக்கும். புதிய மின்நிலையங்களும் மின்கலங்களும் பற்றாக்குறையைக் குறைக்கும், முற்றாக ஒழிக்காது. அதனால் கேட்க வேண்டியதை இப்போதே கேட்போம். எந்த ஃபீடருக்கு எந்த முறை என்ற பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். விலக்குப் பெற்ற ஒவ்வோர் இணைப்புக்கும் காரணம் எழுதப்படட்டும். வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு இருப்பவர், குடிநீர் ஏற்றும் நிலையம், எரிபொருள் அனுப்பும் நிலையம் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஆண்டுதோறும் சரிபார்க்கப்படட்டும். தலைநகரத்துக்கு ஒரு மணி என்றால் கடைக்கோடிக் கிராமத்துக்கும் ஒரு மணிதான் என்பது விதியாகட்டும். தொகுப்பைக் காக்க வெட்டும் உரிமை ஆபரேட்டருக்கு உண்டு. அந்த வெட்டைச் சமமாகப் பகிரும்படி கேட்கும் உரிமை, கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு.