பட்டா யார் பெயரில்?

தஞ்சைப் பண்ணை என்பது வயல் மட்டும் அல்ல. மிராசுதார் வீடு, பத்தாயம், களம், மாட்டுக்கொட்டில், வைக்கோற்போர் எல்லாம் சேர்ந்த வளாகம் அது. நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, கொட்டிலில் சாணி அள்ளிய தலித் பெண்களின் உழைப்பில்தான் அந்தப் பத்தாயம் நிறைந்தது. கணவன் பண்ணையாள் என்றால் மனைவியும் பண்ணைக்குக் கட்டுப்பட்டவள்; அவள் பெயர் மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

அத்தகைய பழைய வளாகங்களைப் பொதுவான கைத்தொழில் கூடங்களாக மாற்றலாம் என்ற யோசனை எனக்கும் உவப்பானதே. ஆனால் கட்டடத்தின் அழகுக்கு முன்னால் நான் கேட்பது ஒன்று: பட்டா யார் பெயரில் இருக்கும்?

இந்தக் கேள்வியை எனக்குத் தந்தது கீழத்தஞ்சையின் வரலாறு. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிலக்கிழார்கள் பலர் பண்ணையாட்களை விலக்கிவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். 1961இன் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்; 1970இல் அது 15 ஆனது. பினாமிப் பெயர்களும் அறக்கட்டளைகளும் அதையும் விழுங்கின. இடையில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

அந்தச் சாம்பல் பூமிக்கு வந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். தலித் குடும்பத்தில் பிறந்தவர், பூதான இயக்கத்தில் நடந்தவர். 1981இல் கணவர் ஜெகந்நாதனுடன் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார். நிலக்கிழாரோடு பேசி விலை முடித்து, கடன் பெற்று, நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்வது அதன் வழி. இவ்வாறு சுமார் 13,000 ஏக்கர், ஏறத்தாழ அத்தனை பெண்களின் கைக்கு வந்தது. உழைத்துக் களைத்தவள் தன் நிலத்தையே விலை கொடுத்து வாங்குவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் கொடுக்காத பத்திரத்தை இந்த வழி கொடுத்தது.

ஓர் ஏக்கர் ஆண்டு முழுவதும் சோறு போடாது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அறுவடை முடிந்தால் அடுத்த தண்ணீர் வரை கைக்கு வேலையில்லை. அந்த மாதங்களுக்காகத்தான் லாஃப்டி பாய் முடைதல், தையல், தச்சு, கொத்துவேலை போன்றவற்றுக்கு ஏற்பாடு செய்தது. தச்சும் கொத்தும் ஆண்களின் வேலை என்றிருந்த ஊரில் இது சிறிய காரியம் அல்ல.

நான் கவனிப்பது வரிசையை. முதலில் நிலம், பிறகு தொழில். காலடியில் சொந்த மண் உள்ளவள் பாய்க்கு விலை சொல்வாள். இல்லாதவள் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். பண்ணை வீட்டைச் செப்பனிட்டு, தறியும் தையல் எந்திரமும் போட்டு, பெண்களைக் கூலிக்கு உட்காரவைத்தால் ஓடு மாறியிருக்கும், பண்ணை மாறியிருக்காது. கூடத்தின் உரிமைப் பத்திரத்தில் களை எடுத்தவர்களின் பேத்திகள் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகு சுவருக்கு என்ன வண்ணம் என்பதை அவர்களே பேசிக்கொள்ளட்டும்.