"லோட்டன் யார், சேர்?"

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் படிப்பிக்கும் வகுப்பறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு செவ்வரத்தை நிற்கிறது. ஒரு நாள் பாடத்தின் நடுவில் தரம் 7 மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"சேர், அந்தா அது என்ன குருவி?"

கறுத்த உடம்பு, வெயில் பட்டால் ஊதா மினுக்கம், நீண்டு வளைந்த அலகு. "தேன்சிட்டு" என்றோம். "எந்தத் தேன்சிட்டு?" என்று திரும்பக் கேட்டான். எங்களிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, மறுநாள் "லோட்டன்ஸ் சன்பேர்ட்" என்று சொன்னோம். அவன் விடவில்லை. "லோட்டன் யார், சேர்?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு.

ஜோன் கிடியோன் லோட்டன் 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவர். எங்கள் பிள்ளைகள் தினமும் கடந்து போகும் வுல்வெண்டால் தேவாலயம் திறக்கப்பட்டதும் 1757இல்தான். நிர்வாகம், வியாபாரம், கோட்டை என்று எத்தனையோ வேலைகளுக்கு நடுவே லோட்டனுக்குப் பறவைகள் மீது தீராத ஆசை. ஆனால் அவருக்காக இந்நாட்டுப் பறவைகளை அழகாக வரைந்து கொடுத்தவர் வேறொருவர். அவர் பெயர் பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே. ஒல்லாந்த வழியும் இந்நாட்டு வழியும் கலந்த குடும்பத்தவர். கம்பனியில் வரைபட வேலை பார்த்தவர்.

லோட்டன் போகும்போது அந்த ஓவியங்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார். 1769இல் தோமஸ் பென்னன்ட் வெளியிட்ட 'இந்தியன் சூவோலொஜி'க்கு அவை உதவின. இன்று அவற்றை லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் பாதுகாக்கிறார்கள். 1766இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் எங்கள் செவ்வரத்தைக் குருவிக்கு அறிவியல் பெயர் வைத்தபோது லோட்டனின் பெயரைத்தான் வைத்தார். வரைந்த கையின் பெயரை இன்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் இதைத் தேடும்போதுதான் தெரிய வந்தது.

பிரித்தானியர் காலத்திலும் கதை இப்படித்தான் தொடர்ந்தது. வில்லியம் வின்சன்ட் லெக் என்ற பீரங்கிப் படை அதிகாரி, தான் இங்கே கடமையாற்றிய காலத்தில் ஊர் ஊராகப் பறவைகளைத் தேடித் திரிந்தார். 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வந்த அவருடைய நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். பைனாகுலர் பரவாத காலம் அது. ஒரு பறவையை அடையாளம் காண்பதென்றால் பெரும்பாலும் துவக்கால் சுட்டு, கையில் எடுத்துப் பார்ப்பதுதான்.

அதற்குப் பிறகு வந்தவர் ஜீ. எம். ஹென்றி. இலங்கையில் பிறந்தவர், கொழும்பு நூதனசாலையில் நீண்ட காலம் வேலை செய்தவர். அவரே எழுதி, அவரே படம் வரைந்த இலங்கைப் பறவைகள் கைநூல் 1955இல் வெளிவந்தது. 1943இல் சிலோன் பேர்ட் கிளப் தொடங்கியது. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த கள பறவையியல் குழு உருவானது. துவக்குப் போய் குறிப்புப் புத்தகம் வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் மேலே சொன்ன நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டன.

இந்த இடத்தில் இன்னொரு பையனையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1896இல் பம்பாயில் பிறந்தவன். தாய் தகப்பன் இல்லாமல் மாமா வீட்டில் வளர்ந்தவன். விளையாட்டுத் துவக்கால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டான். மாமாவுக்குத் தெரியவில்லை. அவர் அதட்டி அனுப்பவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேள் என்றார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் பொறுமையாகப் பதில் சொல்லி, பாடம் செய்த பறவைகள் நிறைந்த லாச்சிகளையும் திறந்து காட்டினார். அந்தப் பையன்தான் சலீம் அலி. 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் பறவை பார்க்கப் பழகினார்கள். எல்லாம் ஒரு பிள்ளையின் கேள்வியில் தொடங்கியது.

இனி எங்கள் கடற்கரைக்கு வருவோம். நாங்கள் குடியிருப்பது வெள்ளவத்தையில். சுபஹு தொழுதுவிட்டுப் புகையிரதப் பாதையைக் கடந்தால் கடல். பாறைகளில் வாலை ஆட்டியபடி உள்ளான் நிற்கும். கால்வாய்ப் பக்கம் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போடும். இதே கொழும்புக் கரையில் நின்று ரெக்ஸ் டி சில்வா என்பவர் வருடக்கணக்காகக் கடலைப் பார்த்துக் குறிப்பெழுதினார். பிரைடில்ட் டேர்ன் என்னும் ஒரு வகை ஆலா, ஆண்டுதோறும் ஓகஸ்ட், செப்டெம்பரை ஒட்டி எங்கள் கரைக்கு வெளியே பெருங்கூட்டமாகத் தெற்கு நோக்கிப் போகிறது என்பதை அவர் 1987இல் கட்டுரையாக எழுதிய பிறகு உலகம் அறிந்தது. அந்தப் பறவைகள் அதற்கு முன்பும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். இதே கரையில் எங்கள் ஆட்களும் காற்று வாங்கிக்கொண்டு, கடலை சாப்பிட்டுக்கொண்டு நின்றுதான் இருப்பார்கள். அவர் எண்ணினார், எழுதினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கள் உம்மும்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பின்வளவில் எந்தக் குருவி கத்தினாலும் பெயர் சொல்லுவார். வாடைக் காற்றோடு வந்து ஈரப்பலா மரத்தடியில் சருகைக் கிளறும் ஒரு பல வண்ணக் குருவிக்கு அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். தமிழ்நாட்டில் அதை ஆறுமணிக் குருவி என்கிறார்கள். உம்மும்மா சொன்ன பெயர் வேறு. இன்று அது எங்களுக்கு ஞாபகம் இல்லை. அவர் மௌத்தாகிவிட்டார். நாங்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த வளவில் இப்போது தொடர்மாடி நிற்கிறது.

லெக் எழுதியதால் அவர் காலத்தில் இங்கே என்ன பறவை இருந்தது என்று இன்று சொல்ல முடிகிறது. எங்கள் வளவில் முப்பது வருடத்துக்கு முன் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்ல எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. மரம் போனது தெரியும். அதோடு எவை போயின என்பது தெரியாது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா புலுனி என்று சொல்லும் குருவியை எங்கள் மாணவர்கள் "செவன் சிஸ்டர்ஸ்" என்கிறார்கள். இன்னும் ஒரு தலைமுறை போனால் புலுனியும் உம்மும்மாவின் பெயர் போன வழியில் போய்விடும்.

அதனால் வகுப்பில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். திகதி, நேரம், இடம், பார்த்த பறவை, வீட்டில் பெரியவர்கள் அதற்குச் சொல்லும் பெயர். இவ்வளவுதான். எழுதும் பிள்ளையின் பெயரையும் பக்கத்திலேயே போடச் சொல்கிறோம். டி பெவெரேக்கு நடந்தது இவர்களுக்கு நடக்க வேண்டாம்.

பெற்றோர்களே, இன்று பின்னேரம் உங்கள் பிள்ளை "அது என்ன குருவி" என்று கேட்டால், ஃபோனைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை ஜன்னலால் எட்டிப் பாருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் உம்மாவிடமோ வாப்பாவிடமோ கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.