ஊசிக்கு எட்டாத நோய்

சிறுநீரகத்தில் ஊசி செலுத்தி, நூலிழை போன்ற சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே பயாப்சி. 1951-இல் கோபன்ஹேகன் மருத்துவர்கள் ஐவர்சனும் புருனும் நோயாளியை உட்காரவைத்து எடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் தேறியது. 1954-இல் சிகாகோவில் கார்க்கும் மூர்க்கியும் குப்புறப் படுக்கவைத்தார்கள். துணுக்கு ஏறக்குறைய எல்லோரிடமும் கிடைத்தது. பிறகு உலகமெங்கும் அதுவே வழக்கமாயிற்று.

தமிழ்நாட்டில் இந்தச் சோதனையின் பெரிய தொகுப்பு வேலூர் சி.எம்.சி.யுடையது. 5,000-க்கு மேற்பட்ட துணுக்குகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான அதன் கட்டுரையில், இரத்தத்தை வடிக்கும் குளோமெருலஸ் முடிச்சுகளின் நோய்களே மிகுதி. முடிச்சுகளில் சில மட்டும் திட்டுத் திட்டாகத் தழும்பேறும் வகை முன்னணியில் நின்றது.

ஆனால் இந்தக் கணக்கு ஊசி குத்தப்பட்டவர்களின் கணக்கு. முகம் அதைத்து, சிறுநீர் நுரைத்து வருபவருக்கு உடனே பயாப்சி நடக்கும். சர்க்கரை நோயாளிக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. வயலில் உழைப்பவரோ வீக்கமே இல்லாமல், அசதி, பசியின்மை என்று காலம் கடந்து வருவார். அதற்குள் சிறுநீரகம் சுருங்கியிருக்கும். சுருங்கியதில் குத்தினால் இரத்தக் கசிவு ஆபத்து; கிடைப்பதும் வெறும் தழும்பு. அவர் நோய் பெயரில்லாமலே போய்விடும்.

அந்த நோய்க்குப் பெயர் வந்தது 2020-இல். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள், சர்க்கரையோ வேறு தெரிந்த காரணமோ இல்லாமல் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி எழுதி, அதைத் 'தொண்டைமண்டல' நோய் என்றார்கள். எடுக்க முடிந்த துணுக்குகளில் முடிச்சுகளைவிட, நுண்குழாய்களும் அவற்றின் இடைத்திசுவும் பழுதாகியிருந்தன. 1990-களிலிருந்து இலங்கையின் மதவாச்சி, பதவியா நெல் வட்டாரங்களிலும், ஆந்திரத்து உத்தானத்திலும் கண்டது இதே சாயல்தான். கடும் வெயிலில் உடல்நீர் வற்றுதல், குடிநீர், பூச்சிமருந்து என்று காரணங்கள் பேசப்படுகின்றன, முடிவு எட்டவில்லை.

நோய்க்குப் பெயர் தந்த பழைய தொண்டை நாடு தென்பெண்ணையோடு முடிகிறது. எங்கள் சீர்காழி அதற்கும் தெற்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் தாண்டிய சோழநாட்டுக் கடைமடை. நோய்க்கு நாட்டெல்லை தெரியாது. குறுவை நடவும் களையெடுப்பும் இங்கும் அதே வெயிலில்தான். இங்குள்ள கூலியாட்களுக்கு முதலில் எட்டுவது ஆரம்ப சுகாதார நிலையம். 2023-இல் அரசு தொடங்கிய 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' அங்கே சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கிறது. நுண்குழாய் நோயில் புரதம் அதிகம் கசிவதில்லை. இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால்தான் தெரியும்.