செரண்டிபிட்டஸ்: எமது தீவின் பெயரில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் அருகியே வழங்கும் பெயரடைகளுள் ‘செரண்டிபிட்டஸ்’ எமது தீவோடு பெயர்த்தொடர்பு உடையதாகும். அராபிய, பாரசீக வணிகர்கள் இலங்கையை ‘செரண்டிப்’ என்றழைத்தனர். சிந்துபாத் தனது ஆறாவது கடற்பயணத்தில் வந்தடைந்ததும் இந்தச் செரண்டிப்பையே.

செரண்டிப் இளவரசர் மூவரைப் பற்றிய பாரசீகக் கதை 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. பாதையின் ஒரு பக்கத்துப் புல் மாத்திரம் மேயப்பட்டிருந்ததைக் கண்டு, அவ்வழியே சென்ற ஒட்டகத்திற்கு ஒரு கண் பார்வையில்லை என அவர்கள் உய்த்துணர்ந்தனர். தமிழில் வழங்கும் நான்கு மந்திரிகளின் கதையிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. இவ்விளவரசர் கதையை நினைவிற்கொண்டே ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் 1754 ஜனவரி 28ஆம் திகதி எழுதிய கடிதமொன்றில் ‘செரண்டிபிட்டி’ என்னும் பெயர்ச்சொல்லை ஆக்கினார். ‘செரண்டிபிட்டஸ்’ என்னும் பெயரடையும் ‘செரண்டிபிட்டஸ்லி’ என்னும் வினையடையும் இருபதாம் நூற்றாண்டில் அதிலிருந்து கிளைத்தவை.

இப்பெயரடையை ‘அதிர்ஷ்டவசமான’ என்று பெயர்ப்பது பொருந்தாது. தேடாத ஒன்று தற்செயலாக எதிர்ப்படுதலும், அதன் பயனை அறியும் கூர்மதியும் ஒருங்கு சேர்ந்ததே இதன் பொருள். லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுவது வெறும் அதிர்ஷ்டம். 1928இல் கிருமி வளர்த்த தட்டிலே படிந்த பூஞ்சணத்தை அலெக்ஸாண்டர் பிளெமிங் அலட்சியம் செய்யாது உற்றுநோக்கியமையால் பெனிசிலின் கிடைத்தது. அதுவே செரண்டிபிட்டஸ் கண்டுபிடிப்பு.

எமது தீவின் பழம்பெயரை உலகம் அறிவுக்கூர்மையோடு இணைத்து வழங்குகின்றது. மொழிபெயர்க்கும்போது அப்பொருளின் பாதியை நாமே கைவிடலாகாது.