தவறணையும் கள்ளுக்கடையும்

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தம் வீட்டுக்கு வழி சொல்லும்போது, "தவறணையடியில இறங்குங்கோ" என்றார். எனக்குத் 'தவறு' மட்டும்தான் காதில் விழுந்தது. தவறு செய்கிறவர்கள் கூடும் இடமோ என்று கேட்டேன்; சிரித்தார். தூத்துக்குடியில் நாம் கள்ளுக்கடை என்று சொன்னதைத்தான் அவர்கள் தவறணை என்கிறார்கள். தவறுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒலி ஒத்துப்போனது குடியை வெறுக்கிறவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

லத்தீனில் 'தபெர்னா' என்றால் குடில், சிறு கடை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'டேவர்ன்' ஆனது. இங்கிலாந்தின் பழைய ஊர்களில் பீர் விற்ற இடம் ஒரு வீடுதான். திராட்சை மது விற்கும் டேவர்ன் அதைவிட ஒரு படி மேலானது. போர்த்துக்கீசியத்தில் தபெர்னா, தவெர்னா இரண்டும் வழங்கின. சிங்களவர் முன்னதின் பகரத்தை வைத்துக்கொண்டு 'தெபேரும' என்றார்கள். தமிழர் வகரத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மெய்களுக்கு நடுவே ஓர் அகரம் நுழைந்தது, இறுதி ஆகாரம் ஐகாரமாயிற்று. நாற்காலியைக் குறிக்கும் 'கதெய்ரா' யாழ்ப்பாணத்தில் கதிரையானதும் இப்படித்தான்.

இதே தபெர்னாவின் சிறுமை வடிவம் 'தபெர்னாகுலும்', கூடாரம் என்று பொருள். கத்தோலிக்கக் கோயில்களில் நற்கருணைப் பேழைக்கு மேலைமொழிகளில் அதுதான் பெயர். ஆக, தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலில் முழந்தாளிடுகிறவர் பார்க்கும் பேழையும் சாராயக் கொட்டகையும் சொல்லளவில் அக்காள் தங்கை. எங்கள் ஊரில் இதை உரக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

போர்த்துக்கீசியர் இரு கரையிலும் இருந்தார்கள். இந்தக் கரையின் பரதவர் ஞானஸ்நானம் பெற்றது 1530களில். யாழ்ப்பாணம் அவர்கள் கைக்கு முழுதாகப் போனது 1619இல். இரண்டு ஊர்களையும் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டது ஒரே ஆண்டு, 1658. ஒல்லாந்தர் காலத்தில் தூத்துக்குடி கொழும்புக்குக் கட்டுப்பட்டே இருந்தது. அப்படியிருக்க, சரக்கு நிறைக்கும் பீப்பாயும் ஊற்றிக் குடிக்கும் கோப்பையும் தமிழ்நாடு முழுக்கப் பரவின, இரண்டுமே போர்த்துக்கீசியம். அவற்றை வைத்திருந்த கடையின் பெயர் மட்டும் ஏன் இங்கே ஒட்டவில்லை?

நமக்கு அந்தக் கடை புதிதில்லை என்பது சட்டென்று தோன்றும் பதில். அகநானூற்றின் 296ஆம் பாட்டில், கொற்கையில் மீன் பிடிக்கப் போனவர்கள் முகந்து வந்த இப்பியைக் கொடுத்து, நாரால் வடித்த நறவை வாங்குகிறார்கள். இப்பி என்றால் சிப்பி, நறவு என்றால் கள். பட்டினப்பாலையில் கள் விற்கும் இடத்துக்குக் கொடி பறக்கிறது; பெயர்ப்பலகை எழுதத் தேவையில்லாத காலம். கடைக்கு உடையவர் யார் என்றால், அகநானூறு காட்டுபவர்கள் பெண்கள்: அரியலாட்டியர். அரியல் என்பது வடித்த கள்.

ஆனால் இந்தப் பதில் நிற்காது. பனையும் கள்ளும் யாழ்ப்பாணத்துக்கும் பழையவைதாமே?

வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலங்கையில் ஆங்கிலேயர் சாராயம் விற்கும் உரிமையைப் பகுதி பகுதியாக ஏலம் விட்டார்கள். ('ஏலம்' என்பதும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனதே. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் அரசுப் பங்குச் சிப்பியை ஆயிரக் கணக்கில் கூறிவிற்றதும் இந்தச் சொல்லால்தான்.) ஏலம் எடுத்த குத்தகைக்காரர்கள் அந்தப் பணத்தில் தென்னந்தோட்டம், காரீயச் சுரங்கம் என்று வாங்கிப் பெரிய குடும்பங்களானார்கள். அவர்கள் நடத்திய கடைக்கு அரசுக் காகிதத்தில் 'டேவர்ன்' என்றே பெயர். ஏற்கெனவே நாவில் இருந்த தவறணைக்கு அந்த ஆங்கிலச் சொல் முட்டுக்கொடுத்தது. பிற்காலத்தில் கடைகள் பனை தென்னைக் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தபோதும் பெயர் மாறவில்லை.

இந்தப் பக்கம் சென்னை அரசின் 1886ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வாய்த்ததோ 'அப்காரி' என்ற பாரசீகச் சொல். அது வரிக்குப் பெயரானதே தவிர, குடிக்கிற இடத்துக்கு ஆகவில்லை. இடம் வெறும் கடையாகவே இருந்தது: கள்ளுக்கடை, சாராயக்கடை. தவறணை உட்காரும் இடத்தைச் சொல்கிறது. கடை விற்பனையை மட்டும் சொல்கிறது. இன்றைக்கு அந்த முன்னொட்டும் போய்விட்டது. "கடை திறந்தாச்சா?" என்று ஒருவர் கேட்டால், அவர் மளிகையைக் கேட்கவில்லை. உடையவர் இப்போது அரசாங்கம்.

சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948இல். 1971இல் தளர்ந்தது, மூன்றாண்டில் திரும்ப வந்தது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. கள்ளுக்கு மட்டும் 1987 சனவரி முதல் நாளிலிருந்து கதவு அடைத்தே கிடக்கிறது. பொருள் போனபின் கள்ளுக்கடை என்ற சொல் பழைய சினிமாக்களிலும் பெரியவர்கள் பேச்சிலுந்தான் மிச்சம்.

பனை மட்டும் போகவில்லை. உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் இப்போதும் பாளை சீவுகிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகும், கட்டியவர் மேல் வழக்காகும். கொற்கைக்காரர்கள் சிப்பியைக் கொடுத்துக் கள் வாங்கினார்கள். அதே கரையில் பனையேறி, சிப்பியை நீற்றிய சுண்ணாம்பைத் தடவி, சாறு கள்ளாகாமல் பார்த்துக்கொள்கிறார்.