ஜவ்வாது மலையில் நூறு நாள் வேலையும் குடும்ப வருமானமும்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினரே பெரும்பான்மையோர். மானாவாரியில் சாமை, கேழ்வரகு. மரங்களிலிருந்து புளி, கடுக்காய், தேன். ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தபின் நூறு நாள் வேலைக் கூலியும் வீட்டு வருமானத்தில் சேர்ந்தது.

2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 மாவட்டங்களில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தின் முதல் ஆறு மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. அதனால் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் அப்போதே உரிமை கிடைத்தது. அன்று வேலூர் மாவட்டத்தில் இருந்த புதூர்நாட்டுப் பக்கம், ஒரே மலையாக இருந்தும், 2008 ஏப்ரல் வரை காத்திருந்தது.

தொடக்கத்தில் நாள் கூலி ரூ.80, 2025-26இல் ரூ.336. நூறு நாளும் கிடைத்தால் ஆண்டுக்கு ரூ.33,600. அப்படிக் கிடைக்கும் குடும்பங்கள் குறைவு.

தொகையைவிட அது கைக்கு வரும் காலமே பெரிது. சாமை கார்த்திகைக்குள் வீடு சேர்ந்துவிடும். புளி உலுக்குவது பங்குனியோடு முடியும். அடுத்த விதைப்பு வரை கையில் காசு புழங்காது. பிழைப்புக்காகக் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் மலையிறங்குகிறார்கள். சிலர் ஆந்திரத்துக்குச் செம்மரம் வெட்டப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இம்மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. உள்ளூரில் கிடைக்கும் ஒரு நாள் கூலியின் மதிப்பை இதை மறந்துவிட்டுக் கணக்கிட முடியாது.

தமிழகத்தில் இவ்வேலைக்கு வருவோரில் பெரும்பாலோர் பெண்கள். மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் சரிவில் கல் வரப்பு கட்டும் பெண்ணுக்கு ஆணுக்குள்ள அதே கூலி. அது வங்கிக் கணக்கில் ஏறுகிறது.

மறைமுக வருமானம் இன்னும் பெரிதாக இருக்கலாம். ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் கூலிப் பட்டுவாடாவைச் சீர்படுத்தியபோது முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் ஆகியோர் நடத்திய ஆய்வில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 விழுக்காடு கூடியது. அதில் 86 விழுக்காடு திட்டக் கூலி அல்ல. வெளி வேலையில் கூலியும் வாய்ப்பும் உயர்ந்ததால் வந்தது. போக வேறிடம் இருக்கும் கூலியாள் குறைந்த கூலிக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

கூலி தாமதித்தால் இந்தப் பலம் போய்விடும். 2025 ஜனவரியில் தமிழகத்துக்கு ரூ.1,056 கோடி கூலி நிலுவை இருப்பதாக முதல்வர் பிரதமருக்கு எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் இச்சட்டத்துக்கு மாற்றாக 125 நாள் வேலைக்கான புதுச் சட்டம் நிறைவேறியது; விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்தவும் அது இடமளிக்கிறது.